லயத்து வாசலில் காக்கிச்சட்டை

சென்ற இதழில் 1924-இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்த கதையைப் பார்த்தோம். அதே பதுளையில் பதினாறு ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு கூட்டத்திலிருந்து இந்த வாரம் தொடங்குவோம்.

1940 மே 12. நகரில் கூட்டம் போடக்கூடாது என்று பொலிஸ் தடை விதித்திருந்தது. ஆனாலும் கூட்டம் நடந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா வந்து பேசினார். தடையுத்தரவு இருந்தும், திரண்டிருந்த சனத்தைப் பார்த்த பொலிஸாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த மாதங்களில் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவிக்கொண்டிருந்தது. பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே காரியம் பார்ப்பதாகத் தோட்டத் துரையும் ஒப்புக்கொண்டார். கங்காணி கைகட்டி நிற்கச் சொன்னால் நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. உடனே "சட்டமும் ஒழுங்கும்" நிலைநாட்ட ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழு ஒன்று தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது. தொழிலாளர்கள் அந்தக் குழுவின் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருவெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்தது. அந்த நாட்களில் பொலிஸ் அடக்குமுறை தோட்டம் தோட்டமாக இறங்கியது. வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. ஜூன் 18-ஆம் தேதி என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதானார்கள்.

வேவெஸ்ஸயை வீரக்கதையாகச் சொல்லி மகிழலாம். ஆனால் என் கவனம் அந்தச் சம்பவத்தின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் துரையும் தொழிலாளியும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். களவில்லை, கொலையில்லை. அங்கே பொலிஸுக்கு என்ன வேலை? அந்தக் கேள்விக்கு விடை தேட 1865-க்குப் போகவேண்டும்.

அந்த ஒரே ஆண்டில் இலங்கையில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. ஒன்று, 11-ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம். வேலைக்கு வராமல் நின்றாலும், முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனாலும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது வழி செய்தது.  கொழுந்தெடுப்பவரும் கோப்பிக் காட்டில் மண் வெட்டியவரும் வேலையை விட்டால் அது குற்றம். மற்றொன்று, 16-ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஜி.டபிள்யூ.ஆர். கம்பல் தலைமையில் இலங்கைப் பொலிஸ் முறையாக அமைந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர் அவர். இங்கே அவர் கட்டிய படைக்கு முன்மாதிரியாக இருந்தது அயர்லாந்துக் காவற்படை. குடிமக்களுக்குப் பதில் சொல்லும் காவலைவிட, அரசுக்கு அடங்காத மக்களை அடக்கும் காவலே அந்த மாதிரியின் அடிப்படை.

தோட்டத்துச் சனம் பொலிஸை முதலில் அறிந்துகொண்டது இந்த இரு சட்டங்களின் வழியாகத்தான். லயத்து வாசலுக்குக் காக்கிச்சட்டை வந்தால், துரையின் முறைப்பாட்டோடுதான் வந்தது. ஓடிப்போனவரைத் தேடி வந்தது, பிடியாணையோடு வந்தது. தொழிலாளி கொடுத்த முறைப்பாட்டுக்காக அது வந்ததாக யாருக்கும் நினைவில்லை. சேவை ஒப்பந்தத்துக்கான சிறைத் தண்டனை 1920-களின் தொடக்கம்வரை இருந்தது. அது போன பின்பும் அத்துமீறிப் பிரவேசித்தல் என்ற சட்டம் மிச்சமிருந்தது. தொழிற்சங்கக்காரர் லயத்துக்குள் கால் வைத்தாலே அதைக் காட்டிப் பொலிஸை அழைக்கலாம்.

வேவெஸ்ஸக்கு நான்கு மாதம் முன்பு, 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானதை இத்தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதன் பின்விளைவு ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கவேண்டும். அந்தச் சாவை விசாரிக்கும் ஆணைக்குழு அமர்ந்திருக்கும்போது அந்த வேலைநிறுத்தம் தொடர்பான வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு விவகார அமைச்சர் டி.பி. ஜயதிலக்க சொன்னார். பொலிஸ் மா அதிபர் பேங்க்ஸ் மறுத்தார். ஆளுநர் கால்டெகாட் பேங்க்ஸின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகினார்கள். பொலிஸ் மா அதிபர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவிலிருந்து எழுந்து ஓர் அரசாங்கத்தையே உலுக்கியது. கேள்வி இன்றும் தீரவில்லை.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரப் பொலிஸ் மா அதிபரின் நாற்காலியில் இலங்கையரான சேர் ரிச்சர்ட் அலுவிஹார அமர்ந்தார். தோட்டத்துக்கு அதனால் எதுவும் மாறவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. நாடற்றவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவரின் முறைப்பாட்டை எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் கொண்டுபோவார்? நாடற்றவரின் மகன் பொலிஸில் சேரவும் முடியாது. தன் வீட்டுப் பையன் ஒருவன்கூட அந்தச் சீருடையில் இல்லாமல் தலைமுறைகள் கழிந்தன. கடைசியாக மிஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

1983 ஜூலை 27-ஆம் தேதி காலைவரை பதுளை அமைதியாக இருந்தது. தமிழருக்கு எதிரான வன்முறையில் கொழும்பு எரியத் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. காலை பத்து மணி போல மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தார்கள். நண்பகலில் கடைவீதி. பிறகு குடியிருப்புகள். பிறகு கைப்பற்றிய வான்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று போனார்கள். இருட்டும் நேரம் லுணுகலையும் எரிந்தது. பட்டப்பகலில், மாகாணத் தலைநகரில், ஊர் ஊராகப் பயணம் செய்து எரித்த கூட்டம் அது. அதை வழிமறிக்கப் பொலிஸுக்குப் பாதை நெடுக நேரம் இருந்தது.

இனி பிந்துனுவெவ.

பண்டாரவளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கிருந்த புனர்வாழ்வு நிலையத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத் தொடர்புச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களும் தாமாகச் சரணடைந்தவர்களுமான தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இறுக்கமான காவல் கொண்ட சிறை இல்லை அது. படிப்பும் தொழிற்பயிற்சியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் இடம் என்று பெயர். 2000 அக்டோபர் 24 மாலை, விடுதலை தள்ளிப்போவது பற்றிப் பையன்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் தர்க்கம் மூண்டது. இரவோடிரவாகச் சுற்றியுள்ள கிராமங்களில் வதந்தி பரவியது. பொலிஸ் பலம் கூட்டப்பட்டது.

மறுநாள் புதன்கிழமை. தீபாவளிக்கு முந்தின நாள். முற்பணம் வாங்கியவர்கள் பண்டாரவளைக் கடைவீதியில் துணி எடுக்கும் நாள். காலையிலேயே கத்தி, பொல்லு, தடியோடு பெருங்கூட்டம் நிலையத்தைச் சூழ்ந்தது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ 60 பேர் அங்கே நின்றார்கள். கூட்டம் உள்ளே புகுந்தது. வெட்டியும் அடித்தும் எரித்தும் 27 பேரைக் கொன்றது. பதினான்கு பேர் காயத்தோடு உயிர் தப்பினார்கள். கொன்றவர்களைத் தடுக்க அந்த அறுபது பேர் உருப்படியாக எதையும் செய்யவில்லை. இது என் வாய்ச்சொல் இல்லை. பொலிஸார் தங்கள் கடமையிலிருந்து பாரதூரமாகத் தவறினார்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட்டது.

அந்தச் செய்தி தோட்டங்களை எட்டியபோது தலவாக்கலை, ஹட்டன் பக்கமெல்லாம் கொதித்தது. ஹர்த்தால், மோதல், ஊரடங்கு. செத்துப்போன பையன்கள் பலர் வடகிழக்கைச் சேர்ந்தவர்கள். ஆனால் தோட்டத்துத் தாய்மாருக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. பொலிஸ் காவலில் இருப்பவனைப் பொலிஸ் பார்த்துக்கொண்டு நிற்கக் கொல்லலாம் என்றால், நாளைக்குச் சந்தேகத்தில் தூக்கிப்போகும் தன் மகனுக்கு யார் காவல்? பயங்கரவாதத் தடைச் சட்டம் அமலில் இருந்த காலம். அடையாள அட்டை கையில் இல்லாமல் பஸ் ஏறிய மலையக இளைஞன் வீடு திரும்புவானா என்று கவலைப்பட்ட காலம்.

நீதியரசர் பி.எச்.கே. குலதிலக்க தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சாட்சியங்கள் கேட்கப்பட்டன, அறிக்கை கையளிக்கப்பட்டது. அது மக்கள் பார்வைக்கு முறையாக வெளியிடப்படவில்லை. 2003 ஜூலை 1-ஆம் தேதி விசேட மேல் நீதிமன்ற ஆயம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. இருவர் பொலிஸ் அதிகாரிகள், மூவர் கிராமத்தவர். ஒருவர் 2004-இலேயே மேன்முறையீட்டில் விடுதலையானார். எஞ்சிய நால்வரையும் 2005 மே 27-ஆம் தேதி உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆக, 27 கொலைகளுக்கு இன்று ஒரு குற்றவாளியும் இல்லை.

தோட்டத்துச் சனம் பொலிஸை நம்புவதில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டவேண்டும் என்று அதிகாரிகள் கருத்தரங்குகளில் பேசுவதை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு அந்தப் பேச்சில் கோபமே வருகிறது. இந்தச் சனத்துக்கு நல்ல விழிப்புணர்வு இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் அந்த அவநம்பிக்கை.

ஒரு சாதாரண நாளில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் ஒரு பெண்ணின் சங்கிலி களவு போகிறது என்று வைத்துக்கொள்வோம். பொலிஸுக்குப் போவதென்றால் ஒரு நாள் பேர் போடாமல் இருக்கவேண்டும். சம்பளம் போய்விடும். தனியாகப் போகமுடியாது. தோட்டத் தலைவரை அழைத்துக்கொண்டு போகவேண்டும். அவர் சங்கத்துக்காரர் என்பதால், வேறு சங்கமென்றால் அங்கேயே ஒரு சிக்கல். பஸ் இறங்கி, வாங்கில் காத்திருந்து, முறை வந்ததும் அந்தப் பெண் தமிழில் சொல்வார். எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுவார். எழுதியதை வாசித்துக் காட்ட ஆள் இருந்தால் அதிர்ஷ்டம். புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மாதக்கணக்கில் கழித்து வழக்கு நீதவான் முன்னால் வரும்போது, தான் சொன்னது வேறு, அங்கே எழுதியிருப்பது வேறு என்று தெரியவரும். வாக்குமூலம் மாறிவிட்டது, இவள் பொய் சொல்கிறாள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து நிற்பார்.

1987-இன் 13-ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. சட்டத்தில் குறையில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தமிழில் எழுதும் ஆள் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

2023 மே மாதம் பதுளையைச் சேர்ந்த, மூன்று பிள்ளைகளின் தாயான வீட்டுப் பணிப்பெண் ஒருவர், வேலை செய்த வீட்டில் நகை திருடியதாகச் சொல்லப்பட்ட முறைப்பாட்டின்பேரில் கொழும்பு வெலிக்கடைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டு, காவலில் இருக்கும்போதே உயிரிழந்தார். ஊர் கொதித்த பிறகு அந்த நிலையத்துப் பொலிஸார் சிலர் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார்கள். முறைப்பாடு கொடுத்தவர் செல்வாக்குள்ள எசமானி, குற்றம் சாட்டப்பட்டவர் மலையகத்து வேலைக்காரி. 1865-இல் துரையின் முறைப்பாட்டோடு லயத்துக்கு வந்த அதே காக்கிச்சட்டை!

சீர்திருத்தம் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. 1946-இல் சோர்ட்ஸ் ஆணைக்குழு, 1970-இல் பஸ்நாயக்க ஆணைக்குழு என்று அறிக்கைகள் அடுக்கடுக்காக வந்தன. 2001-இன் 17-ஆம் திருத்தம்தான் முதன்முதலாகக் கைக்கு எட்டும் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பொலிஸ் மா அதிபருக்குக் கீழே உள்ளவர்களின் நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் சுயாதீனத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கைக்குப் போயின. இடமாற்றம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். அரசியல்வாதி நினைத்தால் விடிவதற்குள் தூக்கியடிக்கப்படக்கூடிய பொறுப்பதிகாரி, அந்த அரசியல்வாதியின் ஆளைக் கைது செய்யமாட்டார். அதனால்தான் ஆட்சிக்கு வந்தவர்கள் முதலில் இந்த ஆணைக்குழுவில் கைவைத்தார்கள். 2010-இல் பறித்தார்கள், 2015-இல் திருப்பிக் கொடுத்தார்கள், 2020-இல் மீண்டும் பறித்தார்கள், 2022-இல் மீண்டும் கொடுத்தார்கள்.

கம்பல் பின்பற்றிய அயர்லாந்து மாதிரிக்கு அதன் சொந்த மண்ணில் என்ன ஆயிற்று என்று பார்ப்பது பயன்தரும். வட அயர்லாந்தில் அந்தப் படையின் வாரிசான ராயல் அல்ஸ்டர் காவற்படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் இருந்தார்கள். கத்தோலிக்கச் சேரிகளில் அந்தப் படையை யாரும் தங்கள் பொலிஸாக நினைக்கவில்லை. சமாதான உடன்படிக்கைக்குப் பின் கிறிஸ் பேட்டன் தலைமையிலான ஆணைக்குழு 1999-இல் 175 பரிந்துரைகளைத் தந்தது. 2001-இல் பெயரையும் சின்னத்தையும் மாற்றினார்கள். புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்று பத்தாண்டுகளுக்குச் சட்டம் போட்டார்கள். பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டைப் பொலிஸே விசாரிக்காமல் தனிக் குறைகேள் அதிகாரி விசாரிக்க ஏற்பாடு செய்தார்கள். பத்தாண்டு முடிவில் கத்தோலிக்கர் முப்பது சதவீதத்தை நெருங்கினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை. ஆனால் மூலத்தையே கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். நாம் நகலை, அதே 1865 சட்டத்தோடு, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னகோன் ஒரு மனிதரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினார் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதம் கழித்து அவரையே பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள். 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. பொலிஸ் மா அதிபர் ஒருவரை இப்படி நீக்கியது நாட்டின் வரலாற்றிலேயே முதல் தடவை. முடியாது என்று இனி யாரும் சொல்லமுடியாது. உச்சியில் முடிந்தது பசறையிலும் ஹப்புத்தளையிலும் முடியவேண்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பொலிஸார், அதிலும் தோட்டத்துப் பிள்ளைகள், அந்த மேசைகளில் உட்காரவேண்டும். சொன்ன மொழியிலேயே வாக்குமூலம் எழுதவேண்டும்.

அதற்கெல்லாம் காலம் எடுக்கும் என்பார்கள். காலமோ புதிய சட்டமோ வேண்டாத காரியம் ஒன்றும் இருக்கிறது. குலதிலக்க ஆணைக்குழுவின் அறிக்கையை அரசாங்கம் மூன்று மொழிகளிலும் அச்சிட்டு வெளியிடலாம். பண்டாரவளைப் பொது நூலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம். அந்தக் காலை அறுபது பேர் ஏன் கைகட்டி நின்றார்கள் என்று சாட்சிகள் சொன்னதை, அந்த ஊர்ச் சிங்களவரும் தமிழரும் தங்கள் தங்கள் மொழியில் வாசிக்கட்டும்.

(தொடரும்)