எச்.எம்.வி.யும் டி-சீரிஸும்: ஒரு கேசட் சண்டை

மக்களே, கிராமபோன் குழாய்க்கு முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. முத்திரையை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல பத்தாண்டுகள் இந்தியாவில் இசைத்தட்டு என்றாலே அந்தக் கம்பெனிதான். இசைத்தட்டு முதலாளிகளுக்கு 1936 முதலே ஒரு சங்கம் இருந்தது. இந்தியன் ஃபோனோகிராஃபிக் இண்டஸ்ட்ரி என்று பெயர். அங்கேயும் எச்.எம்.வி. வைத்ததுதான் சட்டம்.

இந்தக் கோட்டையில் ஓட்டை போட்டது கேசட். இசைத்தட்டு செய்யப் பெரிய ஆலை வேண்டும். கேசட்டுக்கு ஒரு அறையும் சில மெஷின்களும் போதும். நம்ம ஊரில் வளைகுடாவிலிருந்து லீவில் வருபவர் கையில் டேப் ரிக்கார்டர் இல்லாமல் வரமாட்டார். பாட்டுப் பட்டியல் கொடுத்தால் பதிவு செய்து தரும் கடைகள் மார்த்தாண்டத்திலும் முளைத்தன. (அது குற்றம் என்று அன்று யாருக்குத் தோன்றியது!)

டெல்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்றவரின் மகன் குல்ஷன் குமார், 1983-இல் டி-சீரிஸ் தொடங்கினார். பழைய இந்திப் பாட்டுகளின் உரிமை எல்லாம் எச்.எம்.வி. கையில். ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு வழி இருந்தது. ஒருமுறை ஒலிப்பதிவாகிவிட்ட பாட்டை, உரிமையாளருக்கு முன்னறிவிப்பும் உரிமைத் தொகையும் கொடுத்து, வேறு குரலில் பதிவு செய்யலாம். சம்மதம் தேவையில்லை. லதாவின் பாட்டுகளை அனுராதா பட்வால் பாடினார். ரஃபியின் பாட்டுகளைச் சோனு நிகம் பாடினார். விலையும் மலிவு. சங்கத்தார் கொதித்தார்கள், 'திருட்டுக் கேசட்' என்ற குற்றச்சாட்டும் அவரை விடாமல் துரத்தியது. டி-சீரிஸ் சங்கத்துக்கு வெளியே நின்றே வளர்ந்தது. 1990-இல் 'ஆஷிகி' வந்தபோது அதைச் சின்னக் கம்பெனி என்று சொல்ல ஆளில்லை. 1997-இல் குல்ஷன் குமார் மும்பையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எனக்குச் சுவையாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். தனியார் எஃப்.எம். நிலையங்கள், நியாயமான தொகை தருகிறோம், கட்டாய உரிமம் கொடுங்கள் என்று பதிப்புரிமை வாரியத்துக்குப் போயின. 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அந்த வழக்கில், எதிர்த்தரப்பில் பெரிய கம்பெனிகளுக்காக உரிமம் வழங்கும் பி.பி.எல்.லும் டி-சீரிஸும் ஒரே பக்கம் நின்றன. சம்மதம் கேட்காமல் பாட்டெடுத்து வளர்ந்த கம்பெனி, 'எங்கள் சம்மதம் இல்லாமல் எப்படி?' என்று கேட்டது!

முதலாளிகள் இரு தரப்பாக மோதியபோதும் சரி, ஒன்றாக நின்றபோதும் சரி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் பெரும்பாலும் ஒருமுறை கூலி வாங்கிக்கொண்டு வெளியேதான் நின்றார்கள். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இவர்களுக்காக வாதாடினார். 2012 திருத்தம் இவர்களுக்கு உரிமைத் தொகையில் சமபங்கைக் கொடுத்தது. அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்றது. அதே திருத்தம், வேறு குரலில் பாட ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டும் என்றும், உறையில் அது மறுபதிவு என்று தெரியும்படி அச்சிட வேண்டும் என்றும் விதித்தது. அதற்குள் கேசட்டே போய்விட்டது.

வீட்டுப் பரணில் அந்தக் கால கேசட் கிடந்தால் உறையைப் படமெடுத்துக் கீழே போடுங்கள், பாடலாசிரியர் பெயர் எத்தனையில் இருக்கிறது என்று பார்ப்போம்.