மக்கள் மொழியில் இறைவழிபாடு: அயர்லாந்தின் படிப்பினையும் பருத்தித்துறையின் மரபும்

இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளுள் 24ஆவது விதி வழிபாட்டு மொழியைப் பற்றியது. மக்களுக்கு விளங்காத மொழியில் பொது ஜெபம் நடத்துவதும் திருவருட்சாதனங்களை வழங்குவதும் இறைவாக்குக்கும் ஆதித் திருச்சபையின் வழக்கத்துக்கும் முரணானவை என்று அது கூறுகிறது. இலத்தீனுக்கு எதிராக எழுந்த இந்தக் கொள்கைதான் சீர்திருத்தத் திருச்சபைகள் அனைத்தின் உயிர்நாடி. ஆனால் அதை ஏட்டில் எழுதியவர்கள் எல்லோரும் நடைமுறையில் கைக்கொண்டார்களா என்ற கேள்விக்கு அயர்லாந்து ஒரு விடை தருகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு வேறொரு விடை தருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பருத்தித்துறை மண்ணின் கிறிஸ்தவத் தமிழ் மரபை அளவிட நமக்கு உதவும்.

அயர்லாந்தில் நடந்தது

பதினாறாம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்களிற் பெரும்பாலோர் ஐரிஷ் மொழியே பேசினர். ஆனால் ஆட்சியாளர் அந்த மொழியைக் கலகத்தின் மொழியாகக் கருதினர். 1560ஆம் ஆண்டின் வழிபாட்டுச் சட்டம், ஆங்கிலம் தெரியாத குருமார் இலத்தீனில் ஆராதனை நடத்தலாம் என்று இடங்கொடுத்தது. மக்களின் தாய்மொழிக்கு இடங்கொடுக்கவில்லை. எலிசபெத் அரசி ஐரிஷ் அச்செழுத்துகளுக்குப் பணம் கொடுத்ததும், 1571இல் அம்மொழியில் ஒரு வினாவிடைச் சிறுநூல் டப்ளினில் அச்சானதும் உண்மை. வில்லியம் டானியலின் உழைப்பால் புதிய ஏற்பாடு 1602இலும் பொது ஜெபப் புத்தகம் 1608இலும் வெளிவந்தன. ஆயினும் புத்தகத்தைக் கையில் எடுத்து வாசிக்கக்கூடிய குருமார் மிகச் சிலரே இருந்தனர். குருப்பட்டத்துக்கு வந்தவர்களிற் பலர் ஐரிஷ் கற்பதைத் தங்கள் மதிப்புக்குக் குறைவாக எண்ணினர்.

இந்தப் போக்குக்கு எதிராக நின்றவர் கில்மோர் பேராயர் வில்லியம் பெடல். இங்கிலாந்தில் பிறந்த அவர் ஐம்பது வயதைக் கடந்த பின்பே ஐரிஷ் கற்றார். டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது அங்கு அம்மொழிக்கு இடம் தேடித் தந்தார். 1629இல் பேராயரானதும் பழைய ஏற்பாட்டை ஐரிஷில் பெயர்க்கும் பணியை முர்ட்டா கிங் என்ற முதிய புலவரிடம் ஒப்படைத்தார். அதற்காக அந்தப் புலவரைச் சக குருமாரே பகைத்தனர். அவருடைய பதவியும் வருவாயும் பறிபோயின. மொழிபெயர்ப்பு அச்சேறுவதைக் காணாமலே 1642இல் பெடல் இறந்தார். அப்போது அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருந்த கத்தோலிக்கக் கிளர்ச்சியாளர்கள் அவருக்குப் படைமரியாதை செய்து அடக்கத்தில் கலந்துகொண்டனர். தங்கள் மொழியை மதித்த மனிதரை அவர்கள் இனங்கண்டிருந்தனர். அந்தப் பழைய ஏற்பாடு விஞ்ஞானி ராபர்ட் பாயிலின் பொருளுதவியால் 1685இல்தான் வெளிவந்தது.

அயல்நாடான வேல்ஸில் வரலாறு வேறுவிதமாக அமைந்தது. விவிலியமும் ஜெபப் புத்தகமும் வேல்ஷ் மொழியில் இருக்க வேண்டும் என்று 1563இல் சட்டமே வந்தது. 1588இல் முழு விவிலியமும் வெளியானது. அந்த மொழியைப் பேசிய குருமார் அதை மேடையில் முழங்கினர். வேல்ஷ் மொழி இன்றும் உயிரோடு விளங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அயர்லாந்தின் அங்கிலிக்கன் சபையிலோ ஐரிஷ் வழிபாட்டை வளர்ப்பதற்கென ஒரு சங்கம் 1914இல்தான் அமைந்தது. அதற்குள் நாட்டின் பெரும்பகுதியில் அம்மொழி வீட்டுப் புழக்கத்திலிருந்தே நீங்கிவிட்டது.

புளியமரத்தடிப் பிரசங்கம்

பருத்தித்துறையில் சீர்திருத்தத் திருச்சபையின் தமிழ் வழிபாடு ஒல்லாந்தரோடு தொடங்குகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய படையோடு வந்த பிலிப்பு பல்தேயஸ் பாதிரியார் 1665வரை குடாநாட்டுத் தேவாலயங்களைக் கண்காணித்தார். பருத்தித்துறையில் ஒரு பெரிய புளியமரத்தின் கீழ் அவர் பிரசங்கித்தார் என்ற செய்தி தலைமுறைகளாகப் பேசப்பட்டு வந்தது. 1672இல் ஆம்ஸ்ரர்டாமில் வெளிவந்த அவருடைய பெருநூலில் தமிழ் எழுத்துகளும் தமிழ் இலக்கண அறிமுகமும் கர்த்தருடைய ஜெபமும் இடம்பெற்றன. பிழைகள் மலிந்திருந்தாலும் ஐரோப்பிய வாசகர் கண்முன் தமிழை ஒரு வழிபாட்டு மொழியாக நிறுத்திய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. அடுத்த நூற்றாண்டில் பிலிப்பு தெ மெல்லோ மூலமொழியிலிருந்து பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. அவர் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த போதகர்.

ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகமும் உரிமையும் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயப் படை பருத்தித்துறைக் கரையில் இறங்கி யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் கட்டாயம் நீங்கியது, தேவாலயங்கள் வெறுமையாயின. ஆராதனை மக்களுக்கு விளங்கும் மொழியில் நடந்தும், மனமுவந்து வந்தவர் சிலரே என்பது அப்போது வெளிப்பட்டது. ஆகவே மொழி மட்டும் போதாது. அந்த மொழியைத் தமதென்று பேசும் போதகரும் விரும்பிக் கூடும் சபையும் வேண்டும்.

தமிழ்க் குருவானவரும் தமிழ்ப் பண்டிதரும்

1814இல் வெஸ்லியன் மிஷனின் முதற் குழு இலங்கைக்கு வந்தது. அவர்களுள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட இருவரில் ஜேம்ஸ் லிஞ்ச் அயர்லாந்துக்காரர். 1818இல் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தின் யோசேப் நைற் நல்லூரில் பணியைத் தொடங்கினார். அவர் திரட்டத் தொடங்கிய சொற்றொகை பிற்காலத்தில் வின்சுலோ அகராதிக்கு (1862) அடித்தளமாயிற்று. ஜெபம் சொல்ல வந்தவர்கள் முதலில் அகராதி தொகுக்க உட்கார்ந்தது அயர்லாந்தின் குருமார் பலர் செய்யத் தவறிய வேலை.

அதனினும் பெரிய மாற்றம் 1824இல் நிகழ்ந்தது. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்று யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்த கிறிஸ்தியான் தாவீதுக்குக் கல்கத்தாவில் பேராயர் ஹீபர் குருப்பட்டம் அளித்தார். அங்கிலிக்கன் திருச்சபையில் அத்தகைய பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. மொழிபெயர்த்த ஜெபத்தை ஓர் அந்நியர் தட்டுத்தடுமாறி வாசிப்பதைக் கேட்டிருந்த சபை, அந்தப் பீடத்தில் தம்மவர் ஒருவர் தாய்மொழியில் ஜெபிப்பதைக் கேட்கும் காலம் வந்தது. முர்ட்டா கிங்குக்கு மறுக்கப்பட்ட மதிப்பு இங்கே முறையாக வழங்கப்பட்டது.

பருத்தித்துறைக்கு நெருங்கியவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். இன்றைய ஹாட்லிக் கல்லூரியின் தொடக்கமான பாடசாலையை 1838இல் இங்கு நிறுவியவர் அவரே. மெதடிஸ்தராக வந்த அவர், பின்னாளில் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகிச் சென்னையில் பணிபுரிந்தார். விவிலியத்தைத் திருத்தமாகத் தமிழாக்க முனைந்தபோது தமக்குத் துணையாக அவர் தெரிந்துகொண்டவர் நல்லூர் ஆறுமுகம், பின்னாளில் நாவலரானவர். உறுதியான சைவரை, அவர் சைவர் என்பதற்காக விலக்காமல், தமிழ் வல்லவர் என்பதற்காக அமர்த்தினார். 1840களில் இருவரும் பல்லாண்டு உழைத்தனர். சென்னையில் தமிழறிஞர் மகாலிங்கையர் அப்பிரதியைப் பார்த்துப் பாராட்டினார் என்பது யாழ்ப்பாணம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1850இல் அது வெளிவந்தது. தமிழகத்துச் சபைகள் அதை ஏற்கவில்லை. எனினும் நல்ல தமிழில்தான் இறைவாக்கு ஒலிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அது விட்டுச் சென்றது. அதன்பின் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் இரு கரையினரும் கூடிச் செய்த திருப்புதல் 1871இல் நிறைவெய்தியது. இன்றும் நம் ஆலயங்களிற் பலவற்றில் வாசிக்கப்படுவது அதுவே.

அந்தத் திருத்தக் குழுவில் 1858 முதல் 1869வரை இருந்தவர் ராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் 1814இல் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்த அவர், அங்கிலிக்கன் குருவாக இடையன்குடியில் வாழ்ந்தார். ரொட்லர் ஐயர் 1819இல் அளித்த தமிழ் ஜெபப் புத்தகத்தின் வழியில் வந்த வழிபாட்டு நூலை 1872இல் திருத்திய பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

பாட்டின் வழியே

சபையின் நாவில் தமிழை நிலைநிறுத்தியது பாட்டு. ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளுக்கு அமைத்த ஞானப்பாட்டுகளில் மெட்டுக்காகக் குறில் நீளும், நெடில் குறுகும். சீர் நடுவே சொல் உடையும். கீர்த்தனையிலோ ஒருவர் பல்லவியை எடுக்கச் சபை அதைத் திருப்பிப் பாடும். சரணம் முடிய மறுபடி பல்லவிக்கு வரும். எழுத்தறியாத மூதாட்டியும் ஒரு ஞாயிறு கேட்டால் மறு ஞாயிறு பாடுவார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை 1820களில் இளம் மிஷனரிமார் ஆலயத்திலிருந்து விலக்க முயன்றனர். அவர் எதிர்த்து எழுதினார். 1853இல் எட்வர்ட் வெப் ஐயர் அத்தகைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டபின் அவை ஆராதனையில் உரிய இடம் பெற்றன. யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் 1963இல் ஆசியத் திருச்சபைகளுக்கான பாடற்றிரட்டைத் தொகுத்தபோது தமிழ்ப் பாட்டு உலகச் சபைகளின் நாவுக்கும் சென்றது.

ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மொழியில் எல்லோரையும் அழைத்த சபைகளிற் சில, இருக்கையிலும் திருவிருந்திலும் சாதி பார்த்தன. ஒரே தமிழில் ஜெபித்தவர்கள் ஒரே வரிசையில் அமர நெடுங்காலம் பிடித்தது.

நம் கடமை

அயர்லாந்தில் புத்தகம் இருந்தது, வாசிக்கக் குரு இல்லை. ஒல்லாந்தர் காலத்துப் பருத்தித்துறையில் தமிழில் பிரசங்கம் இருந்தது, விரும்பி வந்த சபை இல்லை. தமிழர் பீடம் ஏறி, தமிழறிஞர் கைபட்ட வேதத்தை வாசித்து, தமிழ் இசையில் பாடிய பின்னரே இந்த வழிபாடு நமதாயிற்று. இதை எவரும் நமக்குச் சலுகையாகத் தரவில்லை. இரு நூற்றாண்டுக் கூட்டுழைப்பு இதைத் தந்தது.

இடப்பெயர்வும் போரும் ஆழிப்பேரலையும் பருத்தித்துறை அடங்கிய வடமராட்சியின் வீடுகளிலிருந்து எத்தனையோ ஏடுகளைக் கொண்டுபோயின. எஞ்சியிருக்கும் பழைய ஜெபப் புத்தகங்கள், கையெழுத்துக் கீர்த்தனைக் கொப்பிகள், ஞானஸ்நானப் பதிவேடுகள் ஆகியவற்றைப் பெட்டிக்குள் செல்லரிக்க விடாமல் திருச்சபை ஆவணக் காப்பகத்திடமோ பல்கலைக்கழக நூலகத்திடமோ ஒப்படையுங்கள். குறைந்தது படமெடுத்தாவது வையுங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் சபையார் தமிழ் ஆராதனையை முதியோருக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிடாமல், பிள்ளைகளை ஒரு வாசிப்புக்கும் ஒரு பாட்டுக்குமாவது முன்னே நிறுத்துங்கள். இறையியற் கல்லூரி மாணவர் இன்றைய தமிழில் புதிய ஜெபங்களை எழுதட்டும். சபைகள் அவற்றைப் பாடியும் ஜெபித்தும் பார்த்து ஏற்கட்டும். விளங்கும் மொழியில் ஜெபிப்பது ஒவ்வொரு சபையின் உரிமை. அந்த மொழியைக் காப்பது அச்சபையின் கடமை.