கண்டம் ஆன ஜீப்

சேலையூரில் எங்கள் எதிர் வீட்டுப் பையன் போன மாதம் ஒரு பழைய ஜீப் வாங்கி வந்தான். மஹிந்திரா எம்.எம். 540, 1994 மாடல். அவன் வேலை பார்ப்பது பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபாக்டரி இருந்த நிலத்தில் எழும்பியிருக்கும் ஐ.டி. வளாகத்தில். ஹெரால்டு கார் பிறந்த இடம் அது என்று சொன்னேன். ஹெரால்டு என்றால் என்ன என்று கேட்டான். போகட்டும். பெரிய டயர் போட்டு, ஸ்பிரிங்கை உயர்த்தி, விடுமுறை நாட்களில் மலைப்பாதைகளில் ஓட்டப் போகிறானாம். "புது தார் வாங்க வசதியில்லை தாத்தா, இதையே தேத்திடலாம்" என்றான்.

பழைய ஜீப்பைத் தேற்றுவது நம் நாட்டில் சுதந்திரத்தின் வயதுள்ள பழக்கம். அமெரிக்க ராணுவத்துக்காக 1940இல் உருவாகி, 1945க்குள் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளுமாக ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்த வண்டி அது. (நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஜீப் பெண்பால், 'லா ஜீப்'. இன்றும் எனக்கு அவள்தான்.) யுத்தம் முடிந்ததும் மிஞ்சியவை டிஸ்போசலில் ஏலத்துக்கு வந்தன. நம் சர்க்காரே 1948இல் பழுது பார்த்த ஜீப்புகளைச் சீமையில் மலிவாக வாங்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது. கிருஷ்ண மேனன் போட்ட ஒப்பந்தம், எண்பது லட்ச ரூபாய். வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். 1955இல்தான் அந்த விவகாரத்தை மூடினார்கள். சிக்கனத்துக்குப் பழைய வண்டி வாங்கியவர்களில் முதல் ஏமாளி இந்திய அரசாங்கம் என்று நான் ஆபீசில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

மஹிந்திரா அண்ட் முகமது என்று 1945இல் தொடங்கிய கம்பெனி, பங்காளி குலாம் முகமது பாகிஸ்தானுக்கு நிதி மந்திரியாகப் போய்விட்டதால் 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. அவர்கள் பம்பாயில் பூட்டிய ஜீப்புகள் 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு ஊர் ஊராகப் பரவின. பி.டி.ஓ. என்றாலே ஜீப் என்று இருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

சர்க்கார் ஜீப்பின் முதல் வாழ்க்கை லாக் புத்தகத்தில் இருக்கும். இரண்டாவது வாழ்க்கை தொடங்குவது 'கண்டம்' ஆன அன்று. வண்டி இனி லாயக்கில்லை என்று இன்ஜினியர் சான்று கொடுப்பார், குமாஸ்தா குறிப்பு எழுதுவான், ஏலம் நடக்கும். அந்தக் குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். மலையடிவார ஊர்களிலிருந்தும் கல் குவாரிகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பஸ் ஏறாத இடத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேறு எதுவும் அவர்கள் கைக்கு எட்டாது.

எடுத்த வண்டி நேரே புதுப்பேட்டைக்குப் போகும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்துவார்கள். இரண்டுக்கும் பொருந்தாத கியர் பெட்டியை இணைக்க லேத் பட்டறையில் ஒரு தகடு கடைந்தால் போதும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து இந்த வேலை சூடுபிடித்தது. ஆனால் டீசல் எஞ்சின் கனம் அதிகம். முன்பக்கம் அமுங்கும், அதற்கு ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகுவார்கள். டயர் 6.00-16 அளவு, டிராக்டரின் முன் டயரும் அதே அளவு என்பதால் சிலர் அதை மாட்டிப் பார்த்தார்கள். சேற்றில் பிடிக்காது, வழுக்கும். பிரேக்கை மட்டும் பெரும்பாலும் தொடமாட்டார்கள். கனம் கூடும், பாரம் கூடும், பிரேக் பழையதே.

எங்கள் ஆபீஸ் ஜீப்பை 1983இல் ஏலம் விட்டபோது, அதைப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய டிரைவரே மைத்துனர் பெயரில் எடுத்தார். ஓய்வு பெற இருந்தவர். கல்வராயன் மலையில் சொந்த ஊர். மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கினால் ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும், பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. டீசல் எஞ்சின் மாட்டிய கையோடு என்னிடம் வந்தார். "சார், எஞ்சின் மாத்தினதை ஆர்.சி. புக்குல ஏத்தணுமாம், ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் வேலை. "அவசரமில்லை அண்ணே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றேன். ஊரில் யார் யாருக்கோ நூற்றுக்கணக்கில் மனு எழுதியவன் நான்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. கிழங்கு ஏற்றி இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் வண்டி பள்ளத்தில் சரிந்து அவருக்குக் கால் முறிந்தது. புத்தகத்தில் ஒரு எஞ்சின் எண், வண்டியில் வேறு எண். இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்கு ஒரு பைசா தரவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

இப்போது விதி இன்னும் இறுகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புக்கும் மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருடம் தாண்டிய சர்க்கார் வண்டிகள் பதிவு ரத்தாகி உடைப்புக்குத்தான் போக வேண்டும். புகைக்கும் விபத்துக்கும் அது நல்லதே, மறுக்கவில்லை. ஆனால் மலை ஊர்க்காரனுக்கு மலிவாக ஜீப் கிடைத்த வழி அதோடு அடைபட்டது. விளையாட்டுக்கு ஓட்டுகிறவன் வேறு வண்டி தேடிக்கொள்வான். கிழங்கு இறக்குகிறவன்?

பையனின் எஞ்சினில் 'எக்ஸ்.டி.பி. 4.90' என்று இருந்தது. பிரெஞ்சுக்கார பெஜோவின் வடிவம். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், அதுதான் அந்த எண். மெக்கானிக் 'பூஜாட்' என்றார். 'பெஜோ' என்று திருத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஆர்.சி.யைக் கொண்டு வரச் சொன்னேன். மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சின் எண்ணைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். சேசிஸ் எண்ணையும் பார்த்தேன். சரியாக இருந்தன. பெரிய டயருக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் நான்கு பிரேக் டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறான், நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன்.