திடலில் ஒரு பங்கு

போடிநாயக்கனூரில் விடியுமுன்பே ஜீப் வண்டிகள் புறப்பட்டுவிடும். ஏலக்காய் எடுக்கப் போடிமெட்டு வழியே மலையேறும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். நாள் முழுதும் சரிவிலே, செடியின் அடியிலே குனிந்து உழைக்கும் அவர்களை, 'இது பெண்ணுடலுக்கு ஒவ்வாத வேலை' என்று எவரும் தடுத்ததாக நான் கேட்டதில்லை. மாலையில் அவர்தம் புதல்வியர் பந்தை உதைக்க வந்தால் மட்டும் அந்தச் சொல் எழுகிறது.

அச்சொல் புதிதன்று. 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய கால்பந்துப் பந்தயத்தைக் காண 50,000 பேருக்கு மேல் திரண்டனர். மறு ஆண்டே, இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் திடல்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அக்கதவு திறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

நம் பெண்கள் களத்திலேயே விடை கூறினார்கள். 2018-இல் தமிழக மகளிர் அணி மணிப்பூரை 2–1 என வென்று தேசிய வாகை சூடியது. 2019-இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொணர்ந்தது. மதுரை போடிக்குத் தொலைவன்று.

தடுத்தவர்கள் காட்டிய காரணம் உடல், மறுத்ததோ திடல். மாணவர்களே, நாளை மாலை ஆடச் செல்லுகையில் உங்கள் தங்கையரையும் அழைத்துச் செல்லுங்கள்.