கணக்கில் வராத கொல்லை

என் தாத்தாவின் கணக்குப் புஸ்தகங்கள் ஏழு என்னிடம் இருக்கின்றன. ஓரங்களைப் பூச்சி அரித்துவிட்டது. எழுத்து மட்டும் இன்னும் அச்சுப்போல் நிற்கிறது. அரசலாற்றங்கரையில் அவருக்கு ஒன்றரை வேலி நிலம். எந்த வயலில் எத்தனை கலம் கண்டது, யாருக்கு எத்தனை மரக்கால் கூலி அளந்தது, கிஸ்தி கட்டிய தேதி, கும்பகோணம் போய்வந்த வண்டிச் சத்தம், பொடிமட்டை வாங்கிய காலணா, எல்லாம் உண்டு. ஆனால் ஏழு புஸ்தகங்களையும் தலைகீழாகப் புரட்டினாலும் ஒரு கத்தரிக்காய் அகப்படாது. தினமும் இரண்டு வேளை அவருடைய இலையில் விழுந்த கறியும் கூட்டும் கீரையும் மோரும் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சாட்சியமே இல்லை.

அவை கொல்லையிலிருந்து வந்தன. அது பாட்டியின் ராஜ்யம்.

தாத்தாவின் அலட்சியம் இது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு கல்வெட்டுகளைப் படிக்கிற பழக்கம் வந்தது. அப்போதுதான் தாத்தா தனி ஆள் அல்ல, அவருக்கு முன்னால் ராஜராஜ சோழனே இருக்கிறான் என்று தெரிந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவன் எழுதிவைத்த ஊர்களின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் வேலிக் கணக்கில் அளந்து, முந்திரி, அதாவது 320-ல் ஒரு பங்கு, அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகிறார்கள். பொன்னை நிறுப்பதுபோல் மண்ணை நிறுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மொத்தத்திலிருந்து முதலில் சிலவற்றைக் கழித்துவிடுகிறார்கள்: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு. இவை இறையிலி. வீடும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொல்லையும் நத்தத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வரி இல்லை, ஆகவே அங்கே என்ன விளைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரிட்டிஷார் வந்தும் இது மாறவில்லை. 1820 முதல் 1827 வரை சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையை நிலைநாட்டினார். நஞ்சைக்குத் தீர்வை, புஞ்சைக்குத் தீர்வை, நத்தத்துக்கு இல்லை. கர்ணம் வயல் வயலாகப் போய் அடங்கலில் பயிரை எழுதுவார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போவார். அந்த மோர் எந்த மாட்டுடையது, அந்த மாடு எதைத் தின்றது என்பது சர்க்காருக்கு வேண்டாத விஷயம். சரித்திரம் என்பது பெரும்பாலும் வரி வசூலித்தவர்கள் எழுதிவைத்த குறிப்பு அல்லவா? வரி கட்டாதவன் அதில் எப்படி நுழைவான்?

பாட்டியின் கொல்லையை நான் பார்த்திருக்கிறேன். நீளம் நூற்றிருபது அடி இருக்கும். அகலம் வீட்டின் அகலம்தான். கொல்லை வாசலை ஒட்டிக் கிணறு. குளித்த தண்ணீரும் பாத்திரம் தேய்த்த தண்ணீரும் ஒரு சிறு கால் வழியாக ஓடி வாழையடிக்குப் போகும். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு. மாட்டுச் சாணி வறட்டிக்கு. வறட்டி அடுப்புக்கு. அடுப்புச் சாம்பலில் பாதி பாத்திரம் தேய்க்க, மீதி கீரைப் பாத்தியிலும் அவரைக் கொடியிலும் பூச்சி அண்டாமல் தூவ. எதையும் வெளியே கொட்டிப் பார்த்ததில்லை. வேலியோரம் முருங்கை, ஆடிக் காற்றில் ஒடிந்தால் பாட்டி கவலைப்பட மாட்டாள், ஒடிந்த கொம்பை வேறிடத்தில் நட்டு, நுனியில் சாணியை அப்பிவிடுவாள். அகத்தி, கறிவேப்பிலை, நார்த்தை, ஒரு எலுமிச்சை. கூரைமேல் பூசணி. புழக்கடைக் கதவருகே துளசியும், எதற்கென்று சொல்லாமல் வளர்த்த ஒரு ஆடாதோடையும். யாராவது இருமினால் அதற்கு வேலை வரும்.

இந்தக் கொல்லையில் சரித்திரம் இல்லையென்று யார் சொன்னது? மிளகாய்ச் செடி ஒன்று போதுமே. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது மிளகுக்காக. அவன் வழியே வந்த போர்த்துக்கீசியர் அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இங்கே கொண்டுவந்தார்கள். மிளகுக்கு மலையாளத்து மழையும் நிழலும் வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். மிளகாயோ எந்த மண்ணிலும் காய்க்கும். பழுத்த பழம் நாலைப் பிழிந்து விதைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆயிற்று. எந்த அரசனின் சாஸனமும் இல்லாமல், வேலிக்கு மேலாகக் கைக்குக் கை மாறி, தமிழ்நாட்டுச் சமையலையே அது பிடித்துக்கொண்டது. பெயரைக்கூட மிளகிடமிருந்துதான் கடன் வாங்கிற்று. பப்பாளியும் கொய்யாவும் சீத்தாவும் இப்படி அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் மிளகுதான். பித்ருக்களுக்கு மிளகாயை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை போலிருக்கிறது!

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் கொல்லை ஏதோ நந்தவனம் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. அங்கேதான் மாதம் மூன்று நாள் பாட்டி மாட்டுக் கொட்டகை ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அங்கேதான் பண்ணையாளின் பெண்சாதி கஞ்சிக் கலயத்தோடு நிற்பாள். அவள் நட்ட வாழை, அவள் கட்டிய வேலி. ஆனால் கிணற்றுக்கு இப்பால் அவள் வரக்கூடாது. வாசல் வழியாக வர முடியாதவர்களுக்காக ஏற்பட்ட வழி அது. அவள் குடிசையின் கூரையிலும் ஒரு பூசணிக் கொடி படர்ந்திருக்கும். ஆனால் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. அவர் போ என்றால் கொடியைப் பூவோடும் பிஞ்சோடும் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே சொந்தம் என்ற சட்டம் வர 1971 ஆயிற்று. அதுவரை அவள் கொல்லை சர்க்கார் கணக்கில் மட்டுமல்ல, எவர் கணக்கிலும் இல்லை.

பாட்டியின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் அவளுக்கும் சொந்தமென்று ஒரு குழி நிலம் கிடையாது. 1937-ல் வந்த சட்டம் விதவைக்குத்தான், அதுவும் அவள் ஆயுள்வரைக்கும்தான், பாத்தியதை கொடுத்தது. பெண் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ள 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. அப்போது பாட்டி இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் சிறுவாடு. கட்டு இலை இவ்வளவு, வறட்டி நூறு இவ்வளவு, முருங்கைக்காய் இவ்வளவு என்று கொல்லை வாசலோடு கூடைக்காரியிடம் முடியும் வியாபாரம். காசு கடுகு டப்பாவுக்குள் போகும். தாத்தாவுக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருப்பார். அந்தக் காலத்துக் குடும்பங்களில் இது ஒரு மரியாதை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். அந்த மாதமே சென்னை காலியாயிற்று. தாத்தாவின் தம்பி குடும்பம், மைத்துனர் குடும்பம் என்று பதினோரு பேர் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். சர்க்கார் உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று இயக்கம் தொடங்கிற்று. வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும் அப்போது பேசினார்கள். ஆயிரம் வருஷத்தில் முதல் தடவையாக ராஜாங்கம் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தது!

நெல் வயலிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் பாட்டியின் பாடு. தண்டு, பூ, காய், இலை என்று ஒரே வாழை நாலு நாள் கறியாயிற்று. முருங்கைக்கீரை தினமும். சென்னையிலிருந்து வந்த ஓரகத்தி, "அக்கா, இன்னிக்கும் கீரையா?" என்று கேட்டாளாம். "காய் கேட்டா, பிஞ்சு விடச் சொல்லி மரத்துகிட்ட நீதான் பேசிப் பாரேன்" என்றாளாம் பாட்டி. பதினோரு பேரும் எட்டு மாதம் இருந்துவிட்டுப் போனார்கள். யுத்த விலையில் இலையும் நெய்யும் நல்ல காசுக்குப் போயின. கடுகு டப்பா போதாமல் மிளகு டப்பாவும் நிறைந்தது.

ஏழு புஸ்தகத்திலும் கொல்லை நுழைகிற ஒரே இடம் இதற்கு அடுத்த வருஷம்தான். 1943, ஆனி மாதம். சித்தப்பாவைக் காலேஜில் சேர்க்க வேண்டிய சமயம். கையில் ரொக்கம் இல்லை. தாத்தாவின் எழுத்தில் ஒரு வரி: "வீட்டில் கைமாற்று ரூ. 85." "வீட்டில்" என்றால் பாட்டி. பெயரை எழுதமாட்டார்.

கைமாற்று வாங்கினால் திருப்பிக் கொடுத்த தேதியைப் பக்கத்தில் எழுதி, வரியின் மேல் கோடு போடுவது தாத்தாவின் வழக்கம். மற்ற எல்லாக் கடன்களுக்கும் கோடு இருக்கிறது. இதற்கு இல்லை.

நான் காலேஜில் படிக்கும்போது இந்தப் புஸ்தகத்தைக் கண்டுபிடித்து, பாட்டியிடம் கொண்டுபோய் வரியைப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.

"எண்பத்தஞ்சுன்னா போட்டிருக்கார்?" என்றாள்.

"ஆமாம், பாட்டி."

"இல்லேடா. தொண்ணூறு."