மறைந்த மாங்கனி: மெய்யும் தோற்றமும்

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலிற் கலக்கும் இடத்தில் அமைந்த பழம்பட்டினம் காரைக்கால். 1739ஆம் ஆண்டில் அது பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1962இல் சட்டமுறைப்படியும் இந்தியாவோடு இணைந்தது. கொடிகள் மாறின, ஆட்சிமொழி மாறிற்று. ஆயினும், அவ்வூரின் பெயரைத் தமிழர் நெஞ்சில் நிலைநிறுத்தியவர் ஓர் அரசரும் அல்லர், ஆளுநரும் அல்லர். காரைக்கால் அம்மையார் என்னும் ஒரு பெண்மணியே ஆவார். ஆனித் திங்கள் முழுநிலா நாளையொட்டி அங்கு நிகழும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, மக்கள் மாடங்களில் நின்று மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். கீழே நிற்போர் அவற்றை ஏந்திக்கொள்கின்றனர்.

கையில் விழும் அக்கனி மெய்யானது. அது நினைவூட்டும் கனியோ, கையில் விழுந்ததும் மறைந்துவிட்ட கனி. மெய் எது, தோற்றம் எது என்ற வினாவுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மாணவர்களே, அக்கனியை முன்வைத்து, தத்துவமும் கதையும் வரலாறும் அவ்வினாவை எவ்வாறு அணுகுகின்றன என்று காண்போம்.

முதலில் கதையை நினைவுகூர்வோம். காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தன். அவன் மகள் புனிதவதி. அவளை மணந்தவன் நாகை வணிகர் குலத்துப் பரமதத்தன். அவன் ஒருநாள் இரு மாங்கனிகளை இல்லத்திற்கு அனுப்பினான். பசித்து வந்த சிவனடியார் ஒருவருக்குப் புனிதவதி அவற்றுள் ஒன்றைச் சோற்றோடு படைத்தாள். நண்பகலில் உண்ண வந்த கணவன் எஞ்சிய கனியைச் சுவைத்து, மற்றதையும் கேட்டான். அவள் இறைவனை நினைந்தாள். கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை முன்னதனினும் மிக்கிருந்தது. ‘இஃது எங்குப் பெற்றாய்?’ என்றான் கணவன். அவள் உண்மையை உரைத்தாள். அவன் தெளியவில்லை; ‘ஆயின், இன்னும் ஒன்று பெற்றுத் தா’ என்றான். அவ்வாறே அவள் பெற்றுக் கொடுத்த கனி, அவன் கையில் இருந்தபடியே மறைந்தது.

பரமதத்தன் செய்தது என்ன? பொருளை நிறுத்தும் சோதித்தும் வாங்கும் வணிகன் அவன். நாவால் சுவை வேறுபாட்டை உணர்ந்தது காட்சி. ஒரு நிலத்துக் கனியின் சுவை இஃது அன்று என்று கருதியது அனுமானம். மனைவி கூறியது உரை. காட்சி, கருதல், உரை என்னும் இம்மூன்றையும் நம் முன்னோர் அளவைகள் என்றனர். நெல்லை மரக்கால் அளப்பதுபோல, அறிவை அளக்கும் கருவிகள் இவை. உரையை அவன் நம்பவில்லை. ஆகவே, தன் கண்முன் மீண்டும் ஒரு காட்சியை வேண்டினான்.

இவ்வாறு அளந்து பாராததால் விளையும் கேட்டை, அதே கடற்கரையில் காரைக்காலுக்கு வடக்கேயுள்ள காவிரிப்பூம்பட்டினத்துக் கதை ஒன்று காட்டுகிறது. மணிமேகலை, காயசண்டிகை என்பவளின் வடிவத்தை மேற்கொண்டிருந்தாள். அவளைத் தன் மனைவி என்றே கருதிய காஞ்சனன், அவளைத் தொடர்ந்து வந்த இளவரசன் உதயகுமாரனை வாளால் வெட்டி வீழ்த்தினான். ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிவதைத் திரிபு என்பர். இருளில் தெரிவது கட்டையோ மனிதனோ என்று தயங்குவது ஐயம். ஐயத்தில் நின்றவன் விளக்கைத் தேடுவான். திரிபில் வீழ்ந்தவன் வாளை உருவுவான். அவ்வகையில் ஐயம் திரிபினும் நன்று. அளவைகளைப் பற்றி விரிவாகப் பேசும் தமிழ் நூல்களுள் பழமையானது மணிமேகலை. ஓர் உயிர் திரிபால் பறிபோன கதையைக் கூறிய நூலே பின்னர் அளவை நூலையும் கற்பிப்பது எண்ணத்தக்கது.

இனி, மறைந்த கனிக்கு வருவோம். மறைந்ததனால் அது பொய்யாகிவிடுமா? இங்கே இரு தத்துவ நெறிகள் பிரிகின்றன. சங்கரரின் அத்துவித மரபினர், உலகத்தைக் கயிற்றில் தோன்றும் பாம்புக்கு ஒப்பிட்டனர். கயிறு தெளிந்தபின் பாம்பு இல்லை. அதுபோல, பிரமம் உணரப்பட்டபின் உலகம் தனிப் பொருளாக நில்லாது. ஆயினும், அவர்கள் உலகை முயற்கொம்புபோல முற்றிலும் இல்லாதது என்று கூறவில்லை; உள்ளது என்றோ இல்லது என்றோ அறுதியிட இயலாதது என்றனர். சைவ சித்தாந்திகள் இதனை மறுத்தனர். தோன்றுவதும் மறைவதும் பொய்ம்மைக்கு அடையாளம் ஆகா என்பது அவர்கள் கொள்கை. மரம் விதைக்குள் அடங்கியிருந்து வெளிப்படுவதுபோல, உலகம் மாயை என்னும் முதற்காரணத்தில் ஒடுங்கி மீண்டும் தோன்றும். மாயை என்ற ஒரே சொல் ஒரு நெறியில் மயக்கத்தையும், மற்றொன்றில் உலகின் மூலப்பொருளையும் குறிக்கின்றது. திருவெண்காட்டு இறைவன் பெயரைப் பெற்றவர் என மரபு போற்றும் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே தோற்றம், நிலை, இறுதி ஆகியவற்றைப் பேசுகிறார். அந்நெறியில் நின்று நோக்கினால், பரமதத்தன் உண்ட கனியும் மெய். கையில் மறைந்த கனியும் மெய்.

தத்துவம் இவ்வாறு கூற, வரலாறு வேறொரு வினாவை எழுப்பும்: இக்கதையை நமக்குக் கூறியவர் யார்? எப்போது கூறினார்? அம்மையார் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுகிறார். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியன அவர் பாடியவை. அவற்றில் மாங்கனி இல்லை, கணவன் இல்லை, புனிதவதி என்ற பெயரும் இல்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்றே அவர் குறிப்பிடுகிறார். பின்னர் வந்த சுந்தரர், அடியார்களை எண்ணிப் போற்றும்போது, பேயார் என்ற அளவில் நிறுத்துகிறார். நம்பியாண்டார் நம்பி, அவர் கயிலையில் காலூன்ற அஞ்சித் தலையால் நடந்ததையும், இறைவன் அவரை அம்மை என அழைத்ததையும் சேர்க்கிறார். பதினோராம் நூற்றாண்டில் எழுந்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில், ஆடும் பெருமானின் அடியில் எலும்புருவாய் அமர்ந்திருக்கும் அம்மையாரைக் காணலாம். மாங்கனிக் கதையை விரிவாக நமக்குத் தருபவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். அம்மையாருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்துள்ளன.

ஆகவே கதை பொய் என்று முடிவு கட்டலாமோ? அவ்வாறு கூறுவது அவசரம். ஐயமின்றி நடந்தது என்பதும் அத்தகையதே. பாடல் அவர் குரலுக்குச் சான்று. சிற்பம் பிற்காலத்தார் அவரை எவ்வாறு கண்டனர் என்பதற்குச் சான்று. கதையோ, பேயுரு வேண்டிய அப்பெண்ணின் வாழ்வில் என்ன நேர்ந்திருக்கும் என்று தமிழ் மக்கள் எண்ணிப் பார்த்ததற்குச் சான்று. ஒன்றன் சான்றை மற்றொன்றன்மேல் ஏற்றாதிருப்பதே வரலாற்று மாணவனின் கடமை.

அவ்வாறு பிரித்து நோக்கும்போது, கதையின் துயரம் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. கணவன் சான்று கேட்டான். மனைவி சான்று தந்தாள். அவள் சொல் மெய் என்று நிறுவப்பட்ட அந்நொடியிலேயே அவள் இல்வாழ்வு முடிந்தது. அவன் அஞ்சினான், கலமேறிச் சென்றான், பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரிட்டான். சுற்றத்தார் மனைவியை அழைத்து வந்தபோது, மகளோடும் புது மனைவியோடும் அவள் காலில் விழுந்தான். கணவன் பொருட்டுத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அவள் அதனை உதறினாள். எலும்புருவாகிய பேய்வடிவம் பெற்றாள். அழகிய வடிவை மெய்யென எண்ணியிருந்த சுற்றத்தார் அஞ்சி வணங்கி அகன்றனர். அவளுக்கோ அழகே கழற்றத்தக்க வேடமாயிற்று.

எதனையும் அளந்தறிய வேண்டும் என்பது உண்மை. பரமதத்தன் வினவியதிலும் குற்றமில்லை. ஆயினும், கனியை அளந்த அவன், தன் இல்லத்தில் உடனிருந்தவள் இதுகாறும் பொய்யுரைத்ததுண்டோ என்று எண்ணிப் பார்க்கவில்லை. நம்பத்தக்கார் சொல்லும் ஓர் அளவை என்பதை அவன் மறந்தான். நூலைப் படிக்கும்போதும் செய்தியைக் கேட்கும்போதும் மூன்று அளவைகளையும் ஒருசேரக் கைக்கொள்ளுங்கள்: கண்டதைக் காண்க, கண்டதிலிருந்து கருதுக, சொன்னவர் யார், எக்காலத்தவர், நம்பத்தக்கவரோ என்றும் வினவுக.