பல் மருத்துவர் மீதான அச்சம்: வளைகுடாவில் அளவுகோலுக்குள் வராதவர்கள்

பல் மருத்துவரிடம் செல்ல அஞ்சும் பெரியவர்களைக் கேலி செய்வது எல்லாச் சமூகங்களிலும் உள்ள வழக்கம். ஆனால் இந்த அச்சத்தை எண்களால் அளக்கும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. இன்று உலகில் பரவலாகப் பயன்படும் அளவுகோல், அதன் தொடக்க காலத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட நகரங்களில் துபாயும் ஒன்று.

அமெரிக்க உளவியலாளர் நார்மன் கோரா 1969 ஆம் ஆண்டில் நான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார். மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் பற்றி அதில் கேள்வி இல்லை. பலரும் அஞ்சுவது அந்த ஊசிக்குத்தான் என்பதால் இது பெருங்குறையே. பிரிட்டனைச் சேர்ந்த ஜெர்ரி ஹம்ஃப்ரிஸும் அவரது சகாக்களும் 1995 இல் அதைச் சேர்த்து, படிவத்தை ஐந்து கேள்விகளாக்கினார்கள்.

நாளை சிகிச்சைக்குச் செல்வதாக இருந்தால், காத்திருப்பு அறையில் அமர்ந்திருந்தால், பல்லைக் குடையவிருந்தால், பல்லைச் சுத்தம் செய்யவிருந்தால், ஈறில் ஊசி போடவிருந்தால் எவ்வளவு பதற்றம் ஏற்படும் என்பவையே அக்கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் பெறுபவர் கடும் அச்சம் கொண்டவராகக் கருதப்படுகிறார். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் 2009 இல் நடந்த அரசுக் கணக்கெடுப்பில், இயற்கைப் பற்கள் உள்ள பெரியவர்களில் 12 சதவீதம் பேர் இந்த எல்லையைத் தொட்டார்கள்.

இந்த அளவுகோல் வேறு பண்பாடுகளிலும் நம்பகமாகச் செயல்படுமா என்பதை அறிய வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட், பின்லாந்தின் ஹெல்சின்கி, யுவாஸ்கூலா, ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் துபாய் ஆகிய நகரங்களில் சுமார் 1,400 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியானது. செயல்படும் என்பதே அதன் முடிவு. சவூதி அரேபியாவில் இதன் அரபு வடிவத்தைச் சரிபார்த்த ஆய்வு 2014 இல் வந்தது.

யாரிடம் கேட்கப்பட்டது?

2000 ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் நோயாளிகளும் மாணவர்களும். இந்தத் துறையின் ஆய்வுகள் பலவற்றுக்கும் உள்ள சங்கடம் இது. சிகிச்சைக்கு வந்துவிட்டவரிடம் அச்சத்தைப் பற்றிக் கேட்பது எளிது. அச்சத்தால் வராமலே இருப்பவர் கணக்கில் விழுவதில்லை.

வளைகுடாவில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் மக்கள் தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அவர்களில் இந்தியர்களே மிகப் பெரிய பிரிவினர். கட்டுமானத் தொழிலாளர் முகாமில் இருப்பவரோ, வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பவரோ பல்கலைக்கழக மாணவருமல்ல, பல் மருத்துவமனையின் வாடிக்கையாளருமல்ல.

அப்படிப்பட்டவர் பல் வலியோடு மாதக்கணக்கில் காலம் தள்ளினால் அதற்குக் காரணம் அச்சம்தானா? ஒரு நாள் கூலி போகும், மேலாளரிடமோ வீட்டு எசமானரிடமோ அனுமதி கேட்க வேண்டும், செலவு எவ்வளவு என்று தெரியாது. துபாயில் 2014 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட மருத்துவக் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, அதன் அடிப்படைத் திட்டத்தில் வழக்கமான பல் சிகிச்சை இடம்பெறவில்லை. 'ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று வலி மாத்திரையோடு நாட்களைக் கடத்துவது தமிழ்த் தொழிலாளர்களிடையே சர்வசாதாரணம்.

படிவத்தின் ஐந்து கேள்விகளில் இவற்றுக்கு இடமில்லை. அது அளவுகோலின் பிழையல்ல. அச்சத்தை மட்டும் அளக்கவே அது செய்யப்பட்டது. ஆனால் தள்ளிப்போடுவோர் அனைவரையும் அஞ்சுபவர்கள் என்று முடிவுகட்டினால், காப்பீடும் விடுப்பும் தேவைப்படுபவருக்கு ஆறுதல் வார்த்தைதான் கிடைக்கும்.

மறுபுறம், பணக்காரணம் அச்சமாகவே மாறிவிடுவதும் உண்டு. தள்ளிப்போட்ட சொத்தை முற்றி, தாங்கமுடியாத வலியோடு அவசரத்துக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதே வழியாகிறது. அந்த அனுபவம் அடுத்த முறை போவதைத் தடுக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜேசன் ஆர்ம்ஃபீல்டும் அவரது சகாக்களும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுழலை விவரிக்கிறது.

மொழியும் ஒரு தடை. தனியாகப் பிழைக்க வந்த ஆண் ஒருவரிடம், அரைகுறையாகப் புரியும் மொழியில், 'பயமாக இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரக்கூடும். தாளில் தானே குறியிடுவது அந்தக் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் தாள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இந்த அளவுகோலின் தமிழ் வடிவம் சென்னையில் சரிபார்க்கப்பட்டு 2012 இல் வெளியாகிவிட்டது.

படிவத்தால் நோயாளிக்கு நேரடிப் பயனும் உண்டு. பிரிட்டனில் நடந்து 2002 இல் வெளியான ஆய்வொன்றில், நிரப்பிய படிவத்தைத் தங்கள் பல் மருத்துவரிடமே கொடுத்த நோயாளிகளின் பதற்றம், கொடுக்காதவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. தன் அச்சம் மருத்துவருக்குத் தெரியும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாகலாம். ஐந்து கேள்விகளையும் நிரப்ப இரண்டு, மூன்று நிமிடங்கள் போதும்.